அறியாது தந்த இசைவு இசைவாகாது!

கொடுத்தலும் கொள்ளுதலும் மாந்த வாழ்வின் அடிப்படை. ஒருவர் உழைத்து ஆக்கியதை மற்றொருவர் பெறுவதும், அதற்கு ஈடாக மதிப்புள்ள ஒன்றைத் தருவதுமே வணிகம் எனப்படுகின்றது. அவ்வணிகம் நேர்மையுடையதாக இருக்க வேண்டுமாயின் மூன்று கூறுகள் இன்றியமையாதன. விற்பவர் எதைத் தருகின்றார் என்பது வாங்குபவர்க்கு விளங்கியிருத்தல் வேண்டும். வாங்குபவர் அதற்கு என்ன விலை கொடுக்கின்றார் என்பது இருவர்க்கும் ஒன்றுபோல் தெரிந்திருத்தல் வேண்டும். இடையில் பிழை நேர்ந்தால் எங்குச் சென்று முறையிடுவது என்பதை இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் மொழியால் நடைபெறுவன. மொழி விளங்காத இடத்தில் விலை விளங்காது. விலை விளங்காத இடத்தில் நேர்மை நிலைக்காது.

செங்கற்பட்டுச் சந்தையிலும், கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என நீளும் கடற்கரையின் மீன்துறைகளிலும், நேற்றுவரை நடந்த கொடுக்கல் வாங்கல் இத்தகையதே. துலாக்கோல் இருவர் கண்ணுக்கும் நடுவே தொங்கிற்று. விலை இருவர்க்கும் தெரிந்த தமிழிலேயே பேசப்பட்டது. எடை குறைந்தால் அங்கேயே கேட்க வாயும், கேட்டதற்கு விடை சொல்ல ஆளும் இருந்தனர்.

இன்று அந்தத் துலாக்கோல் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. 2016-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நாட்டுப் பணச் செலுத்தக் கழகம் 'யூபிஐ' என்னும் முறையைத் தொடங்கி வைத்தது. பத்தாண்டுகளுக்குள் அது கடற்கரைக் கோயிலருகே இளநீர் விற்பவர் வண்டியிலும், கல்தச்சர் பட்டறை வாயிலிலும், மீன்கூடை முன்னும் கட்டங்கட்டமான குறியட்டையாய் வந்து நிற்கின்றது. இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பார் இலர். சில்லறைத் தட்டுப்பாடு நீங்கிற்று. வெளியூரில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம் நொடியில் தாயின் கணக்கை அடைகின்றது. அறிவியல் வளர்ச்சியை வெறுப்பது தமிழ்ப் பற்று ஆகாது. ஆனால், அவ்வளர்ச்சி எவர் மொழியில் வருகின்றது, எவர்க்குச் சார்பாக எழுதப்பட்டிருக்கின்றது என்று கேளாதிருப்பது அறிவுடைமையும் ஆகாது.

இப்புதிய முறை மக்கள் விரும்பியதால் மட்டும் பரவியதன்று. மக்களை அதன்பால் தள்ளியவாறும் பரவியது. மாமல்லபுரத்துக் கற்கோயில்கள் 1984-இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டவை. 2018-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் நடுவணரசின் தொல்லியல் துறை இத்தகைய சின்னங்களுக்குரிய நுழைவுக் கட்டணத்தை மாற்றியமைத்தது. அப்பொழுது கையில் காசாகக் கொடுக்கும் உள்நாட்டார்க்கு 40 உருபா என்றும், மின்வழிச் செலுத்துவார்க்கு 35 உருபா என்றும் வகுத்தது. வெளிநாட்டார்க்கு அது 600, 550 என்றாயிற்று. ஐந்து உருபா சிறு தொகைதான். ஆயினும், கைப்பேசியும் வைப்பகக் கணக்கும் உடையவர்க்குக் குறைந்த விலை, அவை இல்லாத ஏழைக்குக் கூடிய விலை என்பதன்றோ அதன் பொருள்? அரசே மக்களை ஒரு வழியில் செலுத்தும்பொழுது, அவ்வழியில் உள்ள பள்ளங்களையும் அவர்கள் மொழியிலேயே எழுதிக் காட்டுதல் அரசின் கடன். அக்கடன் நிறைவேறிற்றா?

ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கியவுடன் நீண்டதோர் உடன்படிக்கை திரையில் தோன்றுகின்றது. பெரும்பாலும் அது ஆங்கிலத்திலேயே உள்ளது. அதுவும் வழக்குமன்ற ஆங்கிலம். கீழே 'ஒப்புகின்றேன்' என்னும் பொருள்படும் ஒரு கட்டம். அதைத் தொட்டாலன்றி அடுத்த பக்கம் திறவாது. ஆங்கிலம் கற்றவரும் படிக்காமல் தொடுகின்ற அந்தக் கட்டத்தை, வலை பின்னித் தழும்பேறிய விரல் எவ்வாறு படித்துத் தொடும்? வட்டிக்கடைக்காரன் நீட்டிய வெற்றுத்தாளில் உழவன் வைத்த கைநாட்டிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அன்று தாளில் எழுத்து இல்லை. இன்று எழுத்து உண்டு, விளக்கம் இல்லை. ஏமாற்றத்தின் அளவில் இரண்டும் ஒன்றே.

வைப்பகங்கள் மக்களுக்குத் தரும் அச்சுப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, அவ்வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருத்தல் வேண்டும் என்பது 'ரிசர்வ் வங்கி' எனப்படும் நடுவண் வைப்பகம் வகுத்த நெறி. தாள் திரையானபொழுது அம்மூன்றனுள் முதலில் நழுவி விழுந்தது எம்மொழி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இம்மொழிக் குறையால் வரும் கேடு வெறும் மனக்குறை அன்று. அது காசாகவே கணக்கிடத் தக்கது. மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது, வழியில் நின்றுபோகும் பணம். வாங்குபவர் கணக்கில் தொகை கழிந்துவிடும். விற்பவர் கணக்கில் சேர்ந்திராது. ஒருவர் பணத்தையும் இழந்து மற்றவர் பொருளையும் இழக்கும் நிலை நேர்மையான பரிமாற்றம் ஆகாது. இருவரும் பெறுதல் வேண்டும். அன்றேல் இருவர் உடைமையும் உரியவரிடமே மீளுதல் வேண்டும். இதனை உணர்ந்தே நடுவண் வைப்பகம் 2019 செப்தம்பர் 20 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. யூபிஐ வழி ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்பிய பணம் சேராதொழியின், அடுத்த நாளுக்குள் அது தானே திரும்புதல் வேண்டும். வணிகர்க்குச் செலுத்தியதாயின் ஐந்து நாளுக்குள் திரும்புதல் வேண்டும். காலம் கடந்தால் நாளொன்றுக்கு 100 உருபா வீதம் இழப்பீடு தருதல் வேண்டும். பணம் வழங்கும் பொறியில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் ஐந்து நாளுக்குப் பின் அதே 100 உருபா. இந்த இழப்பீடு கேளாமலே தரப்பட வேண்டியது என்பதும் அவ்வாணையின் கூறு. மாமல்லபுரத்துச் சிறுகடைக்காரருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? அறியாதவர் கேளார், கேளாதவர்க்குத் தரப்பட்டதா என்று பார்ப்பாரும் இலர்.

இரண்டாவது, கணக்கிலிருந்து களவாடப்படும் பணம். 2017 சூலை 6 அன்று அதே வைப்பகம் பிறப்பித்த ஆணையில் நுகர்வோர்க்கு அரணாகும் கூறுகள் பல இருந்தன. வைப்பகத்தின் மீதும் நுகர்வோர் மீதும் குற்றமின்றி, இடையில் எங்கோ நிகழ்ந்த களவாயின், செய்தி கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பிற்கு ஒரு வரம்பு உண்டு. தெரிவித்த பத்து வேலை நாள்களுக்குள் தொகையைக் கணக்கில் மீண்டும் வைத்தல் வேண்டும்; தொண்ணூறு நாள்களுக்குள் முடிவு காணுதல் வேண்டும். குற்றம் நுகர்வோருடையது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வைப்பகத்தின் மேலதே.

ஆனால் அதே ஆணையில் மற்றொரு கூறும் இருந்தது. மறை எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ நுகர்வோர் தாமே பிறர்க்குச் சொல்லியிருந்தால் அது அவர்தம் கவனக்குறைவு. முறையிடும்வரை நேர்ந்த இழப்பு முழுதும் அவரையே சாரும். இங்குத்தான் மொழி வந்து நிற்கின்றது. 'இவ்வெண்ணை எவர்க்கும் சொல்லாதீர்' என்னும் எச்சரிக்கை அவர்க்கு எம்மொழியில் அனுப்பப்பட்டது? படிக்கத் தெரியாத மொழியில் எச்சரித்துவிட்டுப் படித்து நடக்கவில்லை என்று பழிப்பது எவ்வகை முறை? குருடர் முன் அறிவிப்புப் பலகை நட்டுவிட்டுப் பள்ளத்தில் விழுந்தது அவர் பிழை என்பதை இது ஒக்கும். விளங்காத எச்சரிக்கையை விடுத்தவரின் கவனக்குறைவை அளக்க எந்த ஆணை இருக்கின்றது?

ஏய்ப்பவன் மட்டும் இத்தவற்றைச் செய்வதில்லை. அவன் தமிழில் பேசுகின்றான், பணிவாகப் பேசுகின்றான், 'அம்மா', 'ஐயா' என்று விளிக்கின்றான். 'உங்களுக்குப் பணம் வந்துள்ளது, மறை எண்ணை இட்டுப் பெற்றுக் கொள்ளுங்கள்' என்கின்றான். பணம் பெறுவதற்கு மறை எண் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே வேண்டும் என்னும் ஒரு வரியை உரிய காலத்தில் உரிய மொழியில் சொல்லியிருந்தால் எத்துணை ஏழையர் பணம் காக்கப்பட்டிருக்கும்! தனியாளிடமிருந்து தனியாள் பணம் கேட்கும் அவ்வசதியையே 2025 அக்தோபர் முதல் நாளிலிருந்து நிறுத்திவிடுமாறு பணச் செலுத்தக் கழகம் ஆணையிட நேர்ந்தது. வைப்பகம் அயன்மொழியில் எழுதுகின்றது; திருடன் தாய்மொழியில் பேசுகின்றான். மக்கள் எவன் சொல்லை நம்புவர்?

மூன்றாவது, செயலிவழிக் கடன். படகுப் பொறி பழுதாகும்பொழுதும், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும்பொழுதும், சில நொடிகளில் கடன் தருவதாகக் கைப்பேசி அழைக்கின்றது. கடன் வாங்குவோரின் தொடர்பெண்களையெல்லாம் அள்ளிக்கொண்டு, தவணை தவறியவுடன் உறவினர்க்கும் நண்பர்க்கும் இழிசெய்தி அனுப்பிய கொடுமைகள் நாடெங்கும் நடந்தன. தொடர்பெண் பட்டியலையும் படங்களையும் தொடுதல் கூடாதென்று நடுவண் வைப்பகம் 2022 செப்தம்பரில் நெறி வகுத்தது. பின்னர் 2024 ஏப்பிரல் 15 அன்று மற்றோர் ஆணை வந்தது. கடனின் உண்மையான ஆண்டு வட்டி, பிற கட்டணங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு முதன்மைக் குறிப்பில் எழுதித் தருதல் வேண்டும்; அது கடன் வாங்குபவர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும்; அதனை விளக்கிச் சொல்லி, விளங்கியது என்று அவரிடம் எழுத்தும் பெறுதல் வேண்டும்; அதில் சொல்லப்படாத கட்டணத்தை அவர்தம் வெளிப்படையான இசைவின்றிப் பின்னர் வாங்குதல் கூடாது. தமிழில் அக்குறிப்பைத் தருக என்று கேட்பது கெஞ்சுதல் அன்று, உரிமை.

பணத்திற்கு மேலும் ஒரு விலை உண்டு. இலவயம் என்று சொல்லப்படும் செயலிகள் உண்மையில் இலவயம் அல்ல. பெயர், பிறந்த நாள், இருக்குமிடம், யாரோடு பேசுகின்றார், எதை வாங்குகின்றார் என்னும் தரவுகளே அவை கொள்ளும் விலை. தன் வாழ்வின் மறைவுகளைக் காத்துக் கொள்வது அடிப்படை உரிமை என்று உச்சநயன்மன்றத்தின் ஒன்பது நடுவர் ஒருமனமாக 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் ஆறாண்டுகள் கழித்து, 2023 ஆகத்தில், தனியாள் மின்தரவுக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டத்தில் தமிழர் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தக்க ஒரு பிரிவு உண்டு. இசைவு என்பது கட்டாயமின்றியும், குறித்த ஒரு தேவைக்காகவும், அறிந்தும், ஐயத்திற்கிடமின்றியும் தரப்படுதல் வேண்டும் என்கின்றது ஆறாம் பிரிவு. அவ்விசைவைக் கேட்கும் வேண்டுகோள் தெளிவான எளிய மொழியில் இருத்தல் வேண்டும். அதனை ஆங்கிலத்திலோ, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தருதல் வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகின்றது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழி. மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று தொடர்பெண் பட்டியலையும் கேட்டு, நோயாளர் அறியாமல் ஒப்பினாலும், மருத்துவத்திற்குத் தேவையான அளவிற்கு மேல் அவ்விசைவு செல்லாது என்று அச்சட்டமே எடுத்துக்காட்டும் தருகின்றது. இசைவைத் தந்த எளிமையோடே அதனைத் திரும்பப் பெறவும் இயலுதல் வேண்டும். தரவுகளைக் காக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி உருபா வரை தண்டம் உண்டு.

சட்டம் நன்று, நடைமுறையோ ஆமை நடை. அதற்கான ஒழுங்குமுறைகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பெற்றன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதன்பின் பதினெட்டுத் திங்கள் கழித்து, அஃதாவது 2027 மே திங்களிலேயே கட்டாயமாகும் என்று அவற்றில் காலம் வகுக்கப்பட்டது. இவ்விடைவெளி எதற்கு? நிறுவனங்கள் ஆயத்தமாவதற்கு என்கின்றனர். அங்ஙனமாயின் தமிழர் ஆயத்தமாவதற்கும் அதுவே காலம்.

ஏமாற்று முறைகளைப் பற்றி நடுவணரசு 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பதின்மூன்று வகைச் சூழ்ச்சிகள் பட்டியலிடப்பட்டன. வாங்காத பொருளைக் கூடையில் நுழைப்பது ஒன்று. எளிதில் சேரவிட்டு வெளியேற வழியின்றிச் சிக்கவைக்கும் கட்டணத் திட்டம் ஒன்று. வேண்டுமென்றே குழப்பமான சொற்களால் கேள்வி கேட்டு நுகர்வோரைத் திசைதிருப்புவது மற்றொன்று. குழப்பமான சொல்லே சூழ்ச்சி என்றால், முற்றும் அறியாத மொழியை என்னென்று சொல்வது? ஒரு சொல் விளங்காமல் எழுதுவது குற்றம், ஓராயிரம் சொல்லும் விளங்காமல் எழுதுவது வணிக வழக்கமா?

இதற்குச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. அது இத்தனை மொழிகளில் எழுதுவது கடினம் என்பது. அவ்விடை பொய் என்பதற்குச் செங்கற்பட்டு மாவட்டமே சான்று. சிறுசேரியிலும், செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா உலக நகரிலும் உள்ள கணிநிறுவனங்களில் தமிழிளைஞர் பல்லாயிரவர் அமர்ந்து உலக வைப்பகங்களுக்கும் வணிகர்களுக்கும் மென்பொருள் ஆக்கித் தருகின்றனர். அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள கோவளத்து மீனவர்க்குத் தம் கணக்கின் உடன்படிக்கையைத் தம் மொழியில் படிக்க வழியில்லை. ஆற்றல் இல்லாமையன்று காரணம். கேட்பார் இல்லாமையே காரணம்.

முன்னுரிமை எவர்க்கு என்பதையும் காண்க. 2016 திசம்பர் 30 அன்று அரசின் 'பீம்' செயலி வெளிவந்தபொழுது இந்தியும் ஆங்கிலமுமே அதில் இருந்தன. தமிழ் பின்னரே வந்தது. 2023 செப்தம்பரில், பேச்சைக் கேட்டே பணம் செலுத்தும் ஏந்து அறிவிக்கப்பட்டபொழுதும் முதலில் இந்தியும் ஆங்கிலமும், பிற மொழிகள் பின்னர் என்றே சொல்லப்பட்டது. எழுத்தறியாதவர்க்கென வரும் வசதியிலும் தமிழர் வரிசையின் பின்னே நிற்பதா? வரி செலுத்துவதில் எவரும் தமிழரைப் பின்னர் வருக என்று சொன்னதில்லையே!

பழைய செங்கற்பட்டு மாவட்டத்திற்கு உட்பட்டிருந்து இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. குடவோலை முறைக்காக அவை போற்றப்படுகின்றன. அவற்றில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியமும் பேசப்படுகின்றது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் பொறுப்பிற்கு வரலாகாது என்று அக்கல் விலக்குகின்றது. அவ்வவை பார்ப்பனர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்து அவையேயன்றி எல்லா மக்கட்கும் உரியதன்று. வடசொற் கலப்பும் அக்கல்லில் உண்டு. அக்குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்கு நெறியைப் பொதுவிடத்துச் சுவரில், நிலத்தின் மொழியில் வெட்டி வைத்தல் வேண்டும் என்னும் உணர்வு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு இருந்தது. கல்லில் வெட்டுவதைக் காட்டிலும் கண்ணாடித் திரையில் எழுதுவது கடினமா?

குற்றம் முழுவதையும் பிறர்மேல் சுமத்திவிட்டுத் தமிழர் அமைதியடைதலும் ஆகாது. தமிழே தெரிந்த வணிகர் தமிழே தெரிந்த நுகர்வோர்க்கு ஆங்கிலத்தில் விலைச்சீட்டு நீட்டுகின்றார். செயலியில் தமிழ் இருந்தும் அதனைத் தேர்ந்தெடுக்கக் கற்றவரே கூசுகின்றனர். தேர்ந்தெடுப்பவர் குறைந்தால், தமிழ் வேண்டுவாரில்லை என்று நிறுவனம் கணக்கெழுதுகின்றது.

மற்றொன்றையும் தனித்தமிழ் அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொறி பெயர்த்துத் தள்ளிய உயிரற்ற தமிழும், அகரமுதலியைத் திறந்தாலன்றி விளங்காத கடுந்தமிழும் மீனவர்க்கு ஆங்கிலத்தைப் போலவே அயன்மொழியாகும். சட்டம் கேட்பது எளிய மொழியை. நல்ல தமிழ் என்பது தூய்மையும் தெளிவும் ஒருங்கே உடையது. 'உங்கள் கணக்கிலிருந்து 500 உருபா போகப் போகின்றது, சரிதானா?' என்று கேட்பது தமிழ். அதனைக் கேட்கும் சொல்லாற்றலைத் திருத்தமாக ஆக்கித் தருவதே இன்றைய மொழித் தொண்டு.

தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலையடிகள் வாழ்ந்த பல்லவபுரம் இன்று செங்கற்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கின்றது. அவர் பெயர் தாங்கிய மறைமலைநகரும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. ஊர்ப்பலகையில் அவர் பெயரை எழுதிவிட்டு, ஊரார் கைப்பேசியில் அவர் மொழியை எழுதாமல் விடுவது அவர்க்குச் செய்யும் சிறப்பு ஆகுமா?

ஆகவே செய்யத் தக்கன இவை. செயலியில் தமிழ் உள்ளதாயின் இன்றே தமிழைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இல்லையாயின் ஏன் இல்லை என்று எழுதிக் கேட்டல் வேண்டும். கடன் வாங்குமுன் தமிழில் முதன்மைக் குறிப்பைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பணம் களவு போனால் ஒரு நொடியும் தாழ்க்காது வைப்பகத்திற்கும், 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றத் தடுப்புப் பிரிவிற்கும் தெரிவித்தல் வேண்டும். வைப்பகத்திடம் எழுதிய முறையீட்டின் நகலைக் காத்து வைத்தல் வேண்டும். 2021 நவம்பரில் நடுவண் வைப்பகம் ஒருங்கிணைந்த முறைகேள் திட்டத்தைத் தொடங்கியபொழுது, எம்மொழியில் எழுதிய முறையீட்டையும் பெறுவதற்கெனச் சண்டிகரில் ஒரு நடுவத்தை அமைத்தது. எந்த அரசு அலுவலர்க்கும் அம்மாநிலத்தில் வழங்கும் மொழியிலேயே குறையை எழுதலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் உறுப்பு உரிமை தந்திருக்கின்றது. தமிழில் முறையிட அஞ்ச வேண்டியதில்லை. தமிழில் முறையீடுகள் குவிந்தால்தான் தமிழறிந்த அலுவலரை அமர்த்தும் கட்டாயம் பிறக்கும்.

சிறுசேரியில் பணிபுரியும் இளைஞர் திங்களில் ஒரு நாளேனும் கடற்கரைச் சிற்றூர்களுக்குச் சென்று, மேற்கண்ட ஆணைகளைத் தமிழில் படித்துக் காட்டுதல் வேண்டும். தமிழ்நாட்டரசு, பொதுவான உடன்படிக்கைகளுக்குத் தெளிந்த தமிழ்ப் படிவங்களை ஆக்கி வெளியிடுதல் வேண்டும். அவற்றைப் பின்பற்றாத நிறுவனத்தோடு அரசுத் துறைகள் ஒப்பந்தம் செய்துகொள்ளாமை வேண்டும்.

நேர்மையான வணிகத்தை வேண்டுவது இரத்தல் அன்று. காசு தமிழருடையது, தரவு தமிழருடையது, இழப்பும் தமிழருடையது. உடன்படிக்கையின் மொழி மட்டும் வேறொருவருடையதாக இருப்பது எங்ஙனம்? விளங்காத மொழியில் வாங்கிய இசைவு இசைவு அன்று, அது பறிப்பு. இனி, தமிழில் கேளாத எவர்க்கும் தமிழர் இசைவு இல்லை என்று செங்கற்பட்டுக் கடற்கரை முதற்கண் சொல்லட்டும். தமிழ்நாடு முழுதும் அதனை வழிமொழியட்டும்!